ரெசிபியைக் குறை சொல்லாதீர்கள்: வீட்டில் பீர் காய்ச்சும்போது வரும் கோளாறுகள்

வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பிக்கும் எவரும் முதலில் தேடுவது நல்ல ரெசிபியைத்தான். எந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), எத்தனை கிராம் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), என்ன ஈஸ்ட் என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வோம். பீர் சொதப்பினாலும் பழி ரெசிபி மேல்தான் விழும். "ஹாப்ஸ் கொஞ்சம் கூடிப்போச்சு போல" என்று அடுத்த தடவை பத்து கிராம் குறைப்போம். அதே நாற்றம் அப்படியே திரும்பி வரும். பல வருடங்களாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன். ரெசிபியால் கெட்டுப்போன பீர் என் கையில் கிடைத்தது அபூர்வம். சுமாரான ரெசிபி சுமாரான பீரைத் தரும், அவ்வளவுதான். வாயில் வைக்க முடியாமல் கொட்ட வைப்பது தண்ணீர், சூடு, அழுக்கு, அவசரம், இதில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

அதனால் யாராவது ஒரு பாட்டிலை நீட்டி "என்ன கோளாறுன்னு பாரேன்" என்று கேட்டால் நான் ரெசிபியை விசாரிப்பதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, இந்த வாசம் எந்தக் கட்டத்தில் உள்ளே நுழைந்திருக்கும் என்று பின்னோக்கிப் போவேன். கெட்ட வாசம் ஒவ்வொன்றுக்கும் பிறந்த இடம் ஒன்று உண்டு. அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடைத்த பார்லி மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். இதுதான் மேஷ். சக்கையை வடித்தால் கிடைக்கும் இனிப்பான சாறுக்கு வோர்ட் என்று பெயர். அதை ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, சீக்கிரமாக ஆறவைத்து, ஃபெர்மென்டர் என்ற புளிக்கவைக்கும் வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி மூடிவைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அளவாகச் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்தால், உள்ளேயே மறுபடி கொஞ்சம் புளித்து கேஸ் ஏறும். இன்னொன்று: சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சுவதைச் சில நாடுகளில் சட்டம் அனுமதிக்கிறது, சில இடங்களில் அது குற்றம். அடுப்பைப் பற்றவைக்கும் முன் உங்கள் இடத்து சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். "கண்ணு போயிடாதா?" என்று எல்லோரும் கேட்கும் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பார்லி மால்ட் பீரில் மெத்தனால் ஆபத்து வரும் அளவுக்கு உருவாவதில்லை. சாராயம் வடித்து இறக்குவது முற்றிலும் வேறு தொழில், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி கோளாறுகள். என்னை அதிக நாள் அலையவிட்டது ஆஸ்பத்திரி வாசம். ஆரம்ப காலத்தில் எந்த பீரைத் திறந்தாலும் பின்னணியில் மெல்லியதாக பேண்ட்-எய்ட் பிரித்த மாதிரி ஒரு மணம். வெளிர் நிற பீரில் தூக்கலாக, கறுப்பு பீரில் மங்கலாக. பாத்திரங்களைத் தேய்த்தேன், ஈஸ்ட்டை மாற்றினேன், ஹாப்ஸை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் கிருமி சாகக் கலக்கும் குளோரின், மால்ட்டிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் வரும் ஃபீனால்களுடன் சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிறது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். வெறும் குளோரின் என்றால் திறந்துவைத்தாலோ கொதிக்கவைத்தாலோ போய்விடும். பல ஊர்களில் அதற்குப் பதிலாக குளோரமைன் கலக்கிறார்கள். அது அவ்வளவு சுலபத்தில் போகாது.

மருந்து சின்னது. கேம்டன் மாத்திரை என்று விற்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், ஒரு மாத்திரைக்கு ஏறக்குறைய 75 லிட்டர் தண்ணீர். 20 லிட்டருக்குக் கால் மாத்திரை போதும். பொடித்துப் போட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் குளோரினும் குளோரமைனும் காலி. சல்ஃபைட் ஒவ்வாதவர்கள் கார்பன் ஃபில்டர் வழியாக மெதுவாக விட்டு எடுக்கலாம். இதே வாசம் ப்ளீச்சிங் திரவத்தால் பாத்திரம் கழுவினாலும் வரும். பிளாஸ்டிக் வாளியில் ப்ளீச் ஊற்றிவைத்து, சரியாக அலசாமல் வோர்ட்டை ஊற்றியவர்கள் மாதக்கணக்கில் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. மேஷின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.2க்கும் 5.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். காரத்தன்மை அதிகமான தண்ணீரில் வெளிர் மால்ட்டை மட்டும் ஊறவைத்தால் பிஎச் மேலே போய், உமியிலிருக்கும் டானின் இறங்கி, நாக்கை இழுக்கும் துவர்ப்பு வரும். அதே தண்ணீரில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் அருமையாக வரும், ஏனென்றால் கறுக வறுத்த மால்ட்டின் அமிலம் அதை ஈடுகட்டிவிடும். "எனக்கு கறுப்பு பீர் மட்டும்தான் நல்லா வருது" என்று சொல்பவர்கள் முதலில் தண்ணீரை அளந்து பார்க்கவும். லாக்டிக் ஆசிட் சில மில்லி சேர்த்தால் சரியாகிவிடும். இந்த பிஎச் அளவுகோலே பீர் உலகத்தில் பிறந்ததுதான். 1909ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் சோரன்சன் உருவாக்கியது.

அடுத்தது சூடு. மேஷ் சூட்டைச் சொல்லவில்லை, அதை எல்லோரும் தெர்மாமீட்டர் வைத்துக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள். ஈஸ்ட் போட்ட பிறகு ஃபெர்மென்டருக்குள் ஏறும் சூட்டைத்தான் கோட்டைவிடுவார்கள். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே வெப்பத்தை உண்டாக்கும். அறை 24 டிகிரி என்றால் உள்ளே சாதாரணமாக 28 வரை போகும். பெரும்பாலான ஏல் (மிதமான சூட்டில் புளிக்கும் பீர்) ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20தான் உகந்தது. 28ல் அது வெறிபிடித்த மாதிரி வேலை செய்து, வாழைப்பழ வாசம் தரும் எஸ்டர்களையும், பெயின்ட் தின்னர் போலத் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களையும் கக்கும். எல்லாம் முதல் மூன்று நாளில் நடந்து முடிந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு குளிர்வித்தாலும் வந்தது வந்ததுதான்.

தனி ஃப்ரிட்ஜும் கன்ட்ரோலரும் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. நான் வெகுகாலம் ஓட்டியது அகலமான பிளாஸ்டிக் டப்பில். ஃபெர்மென்டரை நடுவில் வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, பழைய காட்டன் டி-ஷர்ட் ஒன்றைத் தலைவழியே மாட்டிவிடுவேன். கீழ் விளிம்பு தண்ணீரில் தோய்ந்திருக்கும். துணி முழுக்க ஈரம் மேலேறும். பக்கத்தில் ஃபேன். காலையும் இரவும் உறையவைத்த தண்ணீர் பாட்டில் இரண்டை டப்பில் மிதக்கவிடுவேன். காற்று உலர்ந்திருந்தால் பாட்டில் இல்லாமலே நாலைந்து டிகிரி இறங்கும். புழுக்கமான நாளில் துணியால் அவ்வளவு பலன் இருக்காது, ஐஸ் பாட்டிலைத்தான் நம்ப வேண்டும். சூட்டை அளக்க, தெர்மாமீட்டர் முனையை ஃபெர்மென்டரின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, துணிக்கு உள்ளே டேப் போட்டு ஒட்டி, அதன்மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து மூடுங்கள். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் அது வோர்ட்டின் சூட்டைக் காட்டாது, ஈரத்துணியின் சூட்டைக் காட்டும்.

இந்த மல்லுக்கட்டே வேண்டாம் என்பவர்களுக்கு நார்வே நாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த க்வைக் ஈஸ்ட் இருக்கிறது. அதில் வாஸ் போன்ற சில வகைகள் 35 டிகிரிக்கு மேலும் சுத்தமாக வேலை செய்யும், மெல்லிய ஆரஞ்சு வாசத்தோடு. பளபளக்கும் ஸ்டீல் கெட்டில் வாங்கக் காசு சேர்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்தக் காசை முதலில் சூட்டைக் கட்டுப்படுத்தப் போடுங்கள். கெட்டில் பீரின் ருசியை மாற்றாது.

ஃபெர்மென்டர் மூடியில் கேஸை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் பற்றி வரும் ஃபோன்கள் தனி ரகம்.

"மச்சி, குமிழி நின்னு போச்சுடா. ஈஸ்ட் செத்துடுச்சா?"

"ஹைட்ரோமீட்டர் போட்டுப் பாத்தியா?"

"இல்லடா. ஆனா நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு."

"அப்ப பாத்துட்டு கூப்பிடு."

குமிழி எதையும் நிரூபிப்பதில்லை. மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் கேஸ் அந்த வழியாகப் போய்விடும். ஏர்லாக் அசையவே அசையாது, உள்ளே பீர் ஜோராகப் புளித்துக்கொண்டிருக்கும். நேர்மாறாக, எல்லாம் முடிந்த பிறகும் அறை சூடானால் கரைந்திருந்த கேஸ் வெளியேறிக் குமிழி வரும். நம்பத் தகுந்தது, ஹைட்ரோமீட்டர் என்ற மிதவையால் அளக்கும் கிராவிட்டி மட்டும்தான். தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி அது, சர்க்கரை தீரத் தீர இறங்கும். ஆரம்பத்தில் 1.050 இருந்து இப்போது 1.011 என்றால் வேலை முடிந்திருக்கலாம். வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் ஏறக்குறைய வந்துவிடும், இங்கே 5.1. நண்பன் அளந்து சொன்னது 1.012. ஈஸ்ட் சாகவில்லை, வேலையை முடித்துவிட்டு அடியில் படிந்திருந்தது.

ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆல்கஹால் கலந்த பிறகு அது உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். திருத்தக் கணக்கு போடாமல் பார்த்துவிட்டு "1.025ல் நின்னுடுச்சு" என்று புது ஈஸ்ட் வாங்க ஓடுகிறார்கள். நிஜமாகவே நின்றிருந்தால் ஃபெர்மென்டரை 21, 22 டிகிரிக்கு மெல்லச் சூடேற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி ஒரு சுழற்று சுழற்றிவிட்டு மூன்று நாள் காத்திருங்கள். அசையாவிட்டால், தனியாகக் கொஞ்சம் வோர்ட்டில் பொங்கவைத்த புது ஈஸ்ட்டை, அது நுரைத்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றுங்கள். பாக்கெட்டிலிருந்து நேராகத் தூவினால் ஆல்கஹாலில் விழித்தெழ அது திணறும். இதற்கும் மசியவில்லை என்றால் மேஷ் 70 டிகிரிக்கு மேலே போயிருக்கும். ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் என்ற நீளமான சர்க்கரைகள் நிறைய சேர்ந்திருக்கும், அந்த பீர் அப்படித்தான் நிற்கும். உங்கள் தெர்மாமீட்டரை உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்டாவிட்டால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

வெண்ணெய் வாசம் அவசரக்காரர்களின் அடையாளம். ஈஸ்ட் வளரும்போது வெளிவிடும் ஒரு பொருள் பீரில் தானாகவே டைஅசிட்டைலாக மாறும். பாப்கார்ன் வெண்ணெய் மணம், நாக்கில் வழுவழுப்பு. அதே ஈஸ்ட்டிடம் விட்டுவைத்தால் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நாம்தான் கிராவிட்டி இறங்கிய கையோடு குளிர்வித்து ஈஸ்ட்டைத் தூங்கவைத்து விடுகிறோம். பச்சை ஆப்பிள் மணம் தரும் அசிட்டால்டிஹைடும் பெரும்பாலும் இப்படி அரைகுறையில் நிறுத்திய வேலைதான். கடைசியில் இரண்டு மூன்று நாள் சூட்டை இரண்டு டிகிரி ஏற்றி விட்டுவிடுங்கள், குளிரில் புளிக்கும் லாகர் பீர் என்றால் 16 முதல் 18 வரைக்கும்.

முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது. இரண்டு சின்ன கண்ணாடி ஜாடிகளில் பீர் எடுத்து மூடுங்கள். ஒன்றை 65 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிற்க வையுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். பிறகு சூடானதை ஆறவைத்து, இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து முகருங்கள். சூடான ஜாடியில் மட்டும் வெண்ணெய் வந்தால், மூலப்பொருள் இன்னும் பீரில் ஒளிந்திருக்கிறது. இன்றைக்கு மணக்காவிட்டாலும் பாட்டிலில் போய் மணக்கும். இரண்டு நாள் பொறுங்கள். இரண்டிலும் வராவிட்டால் தாராளமாகக் குளிர்விக்கலாம்.

ஆனால் வெண்ணெயோடு புளிப்பும் சேர்ந்து, மேலே ஆடை மாதிரி படலமும் கட்டினால் அது வேறு கதை. பாக்டீரியாவோ காட்டு ஈஸ்ட்டோ குடியேறிவிட்டது. பீர் இப்படி நோய்ப்படுவது நுண்ணுயிரிகளால்தான் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1870களில் காட்டினார். 1883ல் கார்ல்ஸ்பெர்க்கில் ஹான்சன், ஒற்றை செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். வீட்டில் காய்ச்சுபவர்கள் மாட்டிக்கொள்வது, கழுவுவதையும் சானிட்டைஸ் செய்வதையும் (கிருமி நீக்குவதையும்) ஒன்றென்று நினைப்பதால். அழுக்கின்மேல் சானிட்டைசர் ஊற்றினால் அழுக்குக்கு மேலே உள்ள கிருமிதான் சாகும்.

ஃபெர்மென்டரின் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரே துண்டு மாதிரி தெரியும், இரண்டு துண்டு. வெந்நீரில் சில நிமிடம் போட்டு, உள்ளே திரும்பும் உருளையைக் கட்டைவிரலால் பின்னாலிருந்து அழுத்தினால் டப்பென்று வெளியே வரும். அதற்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு இருக்கும். நீங்கள் அனுப்பும் சானிட்டைசர் நடுத்துவாரம் வழியாகப் போய்விடும், அந்த இடுக்கைத் தொடாது. பாட்டிலில் அடைக்கும்போது ஒவ்வொரு சொட்டும் அதை உரசிக்கொண்டு வரும். ஃபெர்மென்டரில் நன்றாக இருந்த பீர் பாட்டிலில் மட்டும் புளித்தால் முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள், பிறகு ரப்பர் டியூப், பிறகு வாளியின் உட்புறக் கீறல்கள். கொதிக்கும் முன்பு தொடும் சாமான்கள் சுத்தமாக இருந்தால் போதும். ஆறிய வோர்ட்டைத் தொடும் எதுவும் சானிட்டைஸ் ஆகியிருக்க வேண்டும். அமில வகை சானிட்டைசரின் நுரை மிச்சமிருந்தால் பயப்பட வேண்டாம், சொன்ன அளவில் கலந்திருந்தால் பீருக்கு ஒன்றும் ஆகாது.

பாட்டில் வெடிப்பதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நண்பன் ஒருவன் அலமாரியில் ஒரு பாட்டில் வெடித்து, பக்கத்திலிருந்த இரண்டையும் சேர்த்து உடைத்தது. கண்ணாடிச் சில்லு மரக்கதவில் குத்தி நின்றது. ஆள் அந்த நேரம் எதிரில் இல்லை, பிழைத்தான்.

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் பீரில் 4 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஒரு வால்யூம், அதாவது பீரின் கொள்ளளவுக்குச் சமமான கேஸைத் தரும். 20 டிகிரியில் புளித்து முடிந்த பீரில் ஏற்கெனவே 0.85 வால்யூம் கரைந்திருக்கும். சாதாரண ஏலுக்கு 2.4 போதும் என்றால் லிட்டருக்கு 6 கிராம், 20 லிட்டருக்கு 120. இப்போது வேலை முடியும் முன்பே அடைத்தால் என்ன ஆகும் பாருங்கள். கிராவிட்டி இன்னும் இரண்டு புள்ளி, அதாவது 1.014லிருந்து 1.012க்கு இறங்க வேண்டியிருந்தாலே கூடுதலாக ஒரு வால்யூம். நாலு புள்ளி என்றால் பாட்டில் தாங்காது. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால் மட்டும் அடையுங்கள். கரண்டியால் பாட்டில் பாட்டிலாகச் சர்க்கரை போடுவதை விட்டுவிடுங்கள், ஒன்று சப்பென்றும் ஒன்று சீறிக்கொண்டும் வரும். மொத்தச் சர்க்கரையையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, அடைக்கும் வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைத் தெறிக்காமல் இறக்கி, மெதுவாகக் கலக்குங்கள். பாட்டில் கனமான பழுப்புக் கண்ணாடியாக, கிரவுன் மூடி போடுவதாக இருக்கட்டும்.

சில ஈஸ்ட்கள், குறிப்பாக சேசான் என்ற பெல்ஜிய பீருக்கான வகைகள், மற்றவை தொடாத டெக்ஸ்ட்ரினையும் மெல்ல மெல்லத் தின்னும். அவற்றுக்குக் கூடுதலாகப் பல நாள் விட்டு அளக்க வேண்டும். ஒரு பாட்டில் வெடித்துவிட்டால் மீதியை அப்படியே விடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை போட்டு, ஈரத் துண்டால் சுற்றி எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்திக் கேஸை விடுங்கள்.

கேஸே ஏறவில்லை என்பது சின்ன தொல்லை. பெரும்பாலும் குளிரான இடத்தில் வைத்திருப்பார்கள். 20 டிகிரிக்கு மேலே இரண்டு மூன்று வாரம் விட்டால் சரியாகும். மூடி இறுகாவிட்டால்தான் சிக்கல்.

நுரை நிற்கவில்லை என்பவர்கள் பீரை விட்டுவிட்டு கிளாஸைப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பின் மிச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையைக் கொன்றுவிடும். கழுவிய கிளாஸை ஈரத்தோடு பீர் ஊற்றிப் பாருங்கள். உள்சுவரில் திட்டுத்திட்டாகக் குமிழி ஒட்டினால் கிளாஸ் இன்னும் அழுக்கு.

வேகவைத்த மக்காச்சோள வாசம் வந்தால் கொதிக்கும்போது மூடி போட்டிருப்பீர்கள். டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேற வேண்டும், அதிலும் மிக வெளிர் நிற பில்ஸ்னர் மால்ட் என்றால் மூடியைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். ஈர அட்டைப்பெட்டி ருசி வந்தால் புளித்து முடிந்த பீரில் காற்று கலந்திருக்கிறது. ஈஸ்ட் போடும் நாளில் வோர்ட்டைக் குலுக்கி ஆக்சிஜன் கொடுப்பது நல்லது, அதற்கப்புறம் பீருக்குக் காற்றே ஆகாது. ஹாப்ஸ் தூக்கலான பீர்தான் முதலில் அடி வாங்கும். வாசம் மங்கி, நிறம் கறுத்து, சில வாரத்தில் வேறு ஏதோ பானமாகிவிடும். பச்சை, வெள்ளை பாட்டிலை வெயிலில் வைத்தால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து சில நிமிடங்களிலேயே துர்நாற்றம் எடுக்கும்.

சொதப்பிய பேட்சைக் கொட்டுவதா வைத்திருப்பதா என்பது கடைசிக் கேள்வி. முட்டை மாதிரி கந்தக வாசம், பச்சை ஆப்பிள், லேசான வெண்ணெய், புது பீரின் முரட்டுக் கசப்பு, இவை ஈஸ்ட் உயிரோடு இருக்கும்வரை குறையக்கூடியவை. பாட்டிலை 20 டிகிரியில் ஒரு மாதம் விட்டு மறுபடி திறந்து பாருங்கள். ஆஸ்பத்திரி வாசமும் அட்டைப்பெட்டி ருசியும் துவர்ப்பும் எத்தனை மாதமானாலும் போகாது. புளித்துப்போனது மேலும் புளிக்கும், பாட்டிலில் அழுத்தமும் ஏறும். அதைக் கொட்டிவிட்டு, குழாயைக் கழற்றி வெந்நீரில் போடுங்கள்.